பட்டியலில் இருபத்தாறாவது பெயர்

2 டிசம்பர் 2025
த.பெ. எண் 61, செகந்திராபாத்

திரு. சாரங்கபாணி அவர்களுக்கு,

அல்வாலில் நீங்கள் நடத்தும் திருமணத் தகவல் மையத்தில் 2017 ஜூலையில் என் தந்தை இராமச்சந்திரன் என் பெயரைப் பதிவு செய்தார். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. இப்போது நாற்பத்து மூன்று. திருமணம் ஆகவில்லை. இனி செய்துகொள்ளும் எண்ணமும் இல்லை.

என் பெயர், புகைப்படம், ஜாதகம், கைபேசி எண், முகவரி, அலுவலகம், சம்பளம் எல்லாவற்றையும் உங்கள் கணினியிலிருந்தும் ஃபைல்களிலிருந்தும் நீக்க வேண்டும். நீக்கிவிட்டதாக ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். பதில் இந்த அஞ்சல் பெட்டிக்கு மட்டும் வரட்டும். உங்களிடம் உள்ள எண்ணைக் கூப்பிடாதீர்கள், அது இப்போது யாரிடம் இருக்கிறதோ தெரியாது. புது எண்ணை நான் தருவதாக இல்லை.

இதைக் கடிதமாக எழுத ஒரு காரணம் உண்டு. ஹைதராபாத் தமிழர்கள் முகநூல் குழுவில் சென்ற மாதம் நீங்கள் எழுதிய பதிவைப் படித்தேன். தரவுப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தால் உங்களைப் போன்ற சிறு தொழில்காரர்கள் கடையை மூட வேண்டியதுதான் என்று எழுதியிருந்தீர்கள். அதன் கீழே நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "உங்கள் பீரோவில் இருப்பது யாருடைய தகவல்?" நீங்கள் பதில் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னார்கள், நூற்று நாற்பது பேர். ஒருவர் என் பக்கத்தைத் தோண்டிப் பார்த்துவிட்டு, "கல்யாணம் ஆகாத எரிச்சல், விடுங்க சார்" என்று எழுதினார். அதற்கு நீங்கள் சிரிக்கும் முகம் ஒன்று போட்டிருந்தீர்கள்.

அன்று மாலையே அந்தக் கணக்கை மூடிவிட்டேன்.

ப்ரியம்வதா


9 டிசம்பர் 2025
சுபமங்களம் திருமணத் தகவல் மையம், அல்வால்

செல்வி ப்ரியம்வதா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கையால் முகவரி எழுதிய உறை எனக்கு வந்து வருஷக்கணக்காகிறது. கல்யாணப் பத்திரிகை என்று நினைத்துத்தான் பிரித்தேன்.

முதலில் அந்தச் சிரிக்கும் முகம். நாள் ஒன்றுக்கு முந்நூறு கருத்து வந்த சமயம் அது. விரல் தவறிப் பட்டிருக்கலாம். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது சட்டம். நான் இந்த ஊருக்கு வந்து முப்பத்து நான்கு வருஷம் ஆகிறது. பத்தொன்பது வருஷமாக இந்த மையம். தையற்கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு கணினி, நான். வேறு ஆள் கிடையாது. இனிமேல் வருகிறவர் ஒவ்வொருவருக்கும் எந்தத் தகவலை எதற்கு வாங்குகிறேன் என்று அறிவிப்பு கொடுக்க வேண்டுமாம், சம்மதம் வாங்க வேண்டுமாம், வேண்டாம் என்றால் அழிக்க வேண்டுமாம். தவறினால் இருநூற்றைம்பது கோடி வரை அபராதம் என்று பேப்பரில் போட்டிருக்கிறான். என் அறை வாடகை ஒன்பதாயிரம். பெரிய கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார். எனக்கு யார்? பதினெட்டு மாதம் தவணை கொடுத்திருக்கிறார்களே என்கிறார்கள். தூக்குத் தண்டனைக்கும்தான் தேதி கொடுக்கிறார்கள்.

இதைத்தான் எழுதினேன். மூவாயிரம் பேர் பகிர்ந்தார்கள். சௌந்தரராஜன் என்று கச்சிபௌலியில் சின்னதாக மென்பொருள் நிறுவனம் நடத்துகிறவர் போன் செய்து, "சார், எங்க எல்லாருக்கும் சேர்த்து நீங்க பேசியிருக்கீங்க" என்றார். அறுபத்து நாலு வயதில் முதல் முறையாக நான் சொன்னதை ஊர் கேட்டது. உங்களிடம் மறைப்பானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

இனி உங்கள் கோரிக்கை. பதிவு செய்தவர் உங்கள் தகப்பனார். படிவத்தில் கையெழுத்து அவருடையது. யாரோ ஒருவர் கடிதம் போட்டார் என்று நான் நீக்கிவிட்டு, நாளைக்கு அவர் வந்து கேட்டால் என்ன சொல்வேன்? அவரை ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அன்றைக்கே நீக்குகிறேன்.

இப்படிக்கு,
சாரங்கபாணி


15 டிசம்பர் 2025

திரு. சாரங்கபாணி அவர்களுக்கு,

என் தந்தையால் எழுத முடியாது. 2023 ஆகஸ்டில் இறந்துவிட்டார். இறப்புச் சான்றிதழின் நகலை இணைத்திருக்கிறேன். உங்கள் ஃபைலுக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

என்னைச் செல்வி என்று எழுத வேண்டாம். பெயர் மட்டும் போதும்.

எதற்காக இவ்வளவு பிடிவாதம் என்று உங்களுக்குத் தோன்றலாம். 2022 பிப்ரவரியில் ஒரு மதியம், அலுவலகத்தில் இருந்தபோது ஒருவன் கூப்பிட்டான். நான் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். அந்தப் பிரிவின் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினான். என் நட்சத்திரம், உயரம், வீட்டுக் கதவிலக்கம் எல்லாம் சொன்னான். ஜாதகம் பார்த்துப் பேசுகிறவன் என்று நினைத்து, விருப்பமில்லை என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் வேறு எண். அதற்கு மறுநாள் இன்னொன்று.

எண்களைத் தடுத்தேன். புதிய எண்களிலிருந்து வந்தான். ஒரு முறை, "ஒரு தடவை நிச்சயமாகி நின்னு போச்சாமே. அப்பா ஒருத்தர்தானே இருக்கார். எளிதில் இணங்குவார்கள்னு போட்டிருக்கே, அப்புறம் என்ன பிகு?" என்றான். எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டேன். சிரித்தான். நிச்சயம் நின்ற விஷயம் எங்கள் குடும்பத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. என் தந்தை நேர்மையாக இருக்க வேண்டும் என்று உங்கள் படிவத்தில் எழுதியிருந்தார்.

பிறகு ஒரு சனிக்கிழமை வீட்டு வாசலில் பைக்கை நிறுத்திக்கொண்டு நின்றான். ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. அப்பா மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "யாரோ அட்ரஸ் தேடறான் போல, பாவம்" என்றார். நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், பதிவு செய்தது தான்தானே என்று அவர் உருகிப் போயிருப்பார்.

அவர் போன பிறகு இரண்டு முறை எண்ணை மாற்றினேன். ஒரு முறை வீட்டை மாற்றினேன். இப்போது எங்கே இருக்கிறேன் என்று என் அலுவலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

நீக்கிவிட்டு எழுதுங்கள்.

ப்ரியம்வதா


22 டிசம்பர் 2025

ப்ரியம்வதா அவர்களுக்கு,

உங்கள் தகப்பனார் காலமான செய்தி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன். அவரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. படிவத்தைப் பூர்த்தி செய்ய ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். இரண்டு தடவை கிழித்துவிட்டு வேறு தாள் கேட்டார்.

டிசம்பர் 18ஆம் தேதி உங்கள் விவரங்கள் முழுவதையும் கணினியிலிருந்து நீக்கினேன். புகைப்படங்கள் மூன்றையும் நீக்கினேன். காகிதப் படிவத்தைக் கிழித்து எரித்தேன். இதையே நீங்கள் கேட்ட ஒரு வரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த ஆளுக்கு விவரம் என்னிடமிருந்து போகவில்லை. என் அறைக்கு வந்து, உட்கார்ந்து, நான் எடுத்துக் காட்டினால்தான் ஒருவர் பார்க்க முடியும். உங்கள் தகப்பனார் பெரிய இணையதளங்கள் எதிலாவது பதிந்திருப்பார். அங்கே இருந்துதான் எல்லாம் கசிகிறது. பழி மட்டும் எங்களைப் போன்றவர்கள் மேல் வருகிறது. ஜனவரி நாலாம் தேதி சௌந்தரராஜன் ஒரு நேரலை வைத்திருக்கிறார். சிறு தொழில்காரர்கள் சார்பில் நான் பேசுகிறேன். இதையும் சொல்லப் போகிறேன்.

என் மனைவி பட்டு, பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் புனேவுக்குப் போனவள். நாலு வருஷமாகிறது. மகள் வீடு பழகிவிட்டது. சாப்பிடும்போது அந்தப் பதிவுக்கு வந்த கருத்துகளைச் சத்தமாகப் படிக்கிறேன். வீட்டில் ஒரு குரல் கேட்கிறதல்லவா. இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதியதை அடித்தால் அசிங்கமாக இருக்கும், அப்படியே விட்டுவிடுகிறேன்.

சாரங்கபாணி


29 டிசம்பர் 2025

திரு. சாரங்கபாணி அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய வரி கிடைத்தது. அதோடு நிறுத்திக்கொள்ளத்தான் இருந்தேன். நேரலையில் பேசப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். பேசும் முன் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

என் தந்தை வேறு எந்த இணையதளத்திலும் என்னைப் பதியவில்லை. அவருக்குக் கணினி தெரியாது. என்னைப் பதியச் சொன்னார், நான் மறுத்தேன். அதனால்தான் உங்களிடம் நடந்தே வந்தார்.

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை. காய்கறி வாங்கப் போன இடத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். தக்காளி விற்கும் ஓர் அம்மாள் அவரைத் தன் சாக்கின் மேல் படுக்க வைத்து, மகள் எண்ணைக் கேட்டிருக்கிறாள். சொல்லியிருக்கிறார். ஒரு இலக்கம்கூடத் தவறவில்லை. அவள் தன் போனிலிருந்து கூப்பிட்டாள்.

தெரியாத எண். நான் என் மேசையில்தான் இருந்தேன். போன் அதிர்வதைப் பார்த்தேன். அவன்தான் என்று நினைத்துக் கவிழ்த்து வைத்தேன். மறுபடியும் வந்தது. மறுபடியும். கடைசியில் அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டேன். அந்த நிமிடத்தில் எனக்கு இருந்தது பயம்கூட இல்லை, வெறுப்பு.

ஐந்தரை மணிக்கு வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கேயே எல்லாம் முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் தக்காளி விற்கும் அம்மாள் போகாமல் அங்கே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஆறு சார்லு சேஸானம்மா. மீரு எத்தலேது" என்றாள். ஆறு தடவை கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை என்று. குற்றமாகச் சொல்லவில்லை. தான் முயற்சி செய்தேன் என்பது எனக்குத் தெரிய வேண்டும் என்று சொன்னாள்.

நான்காவது அழைப்பின்போது அவர் பேசிக்கொண்டிருந்தாராம். என்ன பேசினார் என்று அவளுக்குத் தெரியவில்லை. தமிழில் பேசினாராம்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிக்கொள்ள இங்கே ஆளும் இல்லை.

நேரலையில் நன்றாகப் பேசுங்கள்.

ப்ரியம்வதா


11 ஜனவரி 2026

ப்ரியம்வதா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் இரண்டாம் தேதி வந்தது. அன்றைக்கு நான் அறையைத் திறக்கவில்லை.

நீங்கள் முன்னால் எழுதியதில் ஒரு வாக்கியம் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. "எளிதில் இணங்குவார்கள்." இந்தக் காலத்தில் யாரும் அப்படி எழுத மாட்டார்கள். அது என் நடை. பத்தொன்பது வருஷமாகக் குறிப்புப் பகுதியில் நான் எழுதும் வார்த்தை. டிசம்பரிலேயே அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது போலிருக்கிறது. அதனால்தான் அவ்வளவு அழுத்தமாக மறுத்து எழுதினேன்.

நாலாம் தேதி காலையில் பரணிலிருந்து என் பழைய போனை எடுத்துச் சார்ஜ் போட்டேன். இருந்தது.

2021 மே மாதம். ஊரடங்கு. மூன்று மாதமாக ஒரு வரன் நகரவில்லை. கல்யாணத் தரகர்கள் பதினொரு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். உன் பட்டியலை நீ போடு, என் பட்டியலை நான் போடுகிறேன் என்பது ஏற்பாடு. முப்பத்தைந்து வயது தாண்டிய பெண்கள் என்று முப்பத்தெட்டுப் பேரை ஒரே பி.டி.எஃப். ஆக்கி நான் போட்டேன். போன் நம்பரையும் கதவிலக்கத்தையும் எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். ஒரு பெண்ணுக்கு ஐந்து நிமிஷம் ஆகும். எனக்குச் சோம்பல். பட்டு அப்போது இங்கேதான் இருந்தாள். பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்னா, நம்பரோட போடறேளே, அந்தப் பொண்களை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?" என்றாள். "எல்லாம் கல்யாணத்துக்குத்தானே" என்றேன்.

நீங்கள் இருபத்தாறாவது பெயர். குறிப்பு: "ஒரு முறை நிச்சயமாகி நின்றது. தந்தை மட்டும். எளிதில் இணங்குவார்கள்." உங்கள் தகப்பனார் எழுதியது முதல் வரி மட்டும்தான். மற்றது நான்.

அந்தச் சிரிக்கும் முகமும் விரல் தவறிப் போட்டதல்ல.

மாலையில் நேரலை. அறுநூறு பேர் பார்த்தார்கள். என் முறை வந்ததும், "நான் பண்ணினதைச் சொல்லிட்டுத்தான் சட்டத்தைப் பத்திப் பேசணும்" என்று ஆரம்பித்து, உங்கள் பெயரோ அடையாளமோ இல்லாமல் சொன்னேன். தகப்பனாரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அது என்னுடையதல்ல. பட்டியலைப் பற்றி மட்டும் சொன்னேன். சௌந்தரராஜன், "சார், உங்க ஆடியோ விட்டு விட்டு வருது" என்று சொல்லி அடுத்தவரிடம் போய்விட்டார். ஆடியோ நன்றாகத்தான் இருந்தது. அந்த இரண்டு நிமிஷத்தை யாரோ வெட்டிப் பரப்பிவிட்டார்கள். நவம்பரில் என்னைத் தூக்கி வைத்தவர்கள், எதிராளியிடம் காசு வாங்கிவிட்டேன் என்கிறார்கள். எதிர்த்தவர்கள், இப்பேர்ப்பட்டவனை உள்ளே தள்ள வேண்டும் என்கிறார்கள். ஒன்பது குடும்பம் வந்து படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனது.

ஒரு ஆள் நடத்தும் கடைக்கு இந்தச் சட்டம் பாரம் என்று இன்னமும் நினைக்கிறேன். நான் செய்தது குற்றம் என்றும் நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்துக் கேட்க அங்கே யாருக்கும் பொறுமை இல்லை.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சாரங்கபாணி


20 ஜனவரி 2026

திரு. சாரங்கபாணி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். மன்னிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானும் அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

யார் மூலமாகப் போனது என்று உறுதியாகத் தெரியாமல் இத்தனை வருடம் ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். வங்கிக்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர், என்னோடு பத்து வருடம் ஒன்றாகச் சாப்பிட்ட தோழி. அந்தத் தோழியிடம் நான் பேசுவதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. ஏன் என்று அவளுக்கு இன்னமும் தெரியாது.

பட்டியலில் என்னைத் தவிர முப்பத்தேழு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது தெரியுமா?

ப்ரியம்வதா


16 பிப்ரவரி 2026

ப்ரியம்வதா அவர்களுக்கு,

தெரியாது. நீங்கள் கேட்கும் வரைக்கும் எனக்குத் தோன்றவும் இல்லை. அதற்குத்தான் இத்தனை நாள்.

முப்பத்தேழு பேருக்கும் தனித்தனியாக எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் போட்டேன். என்ன நடந்தது, எந்தத் தேதி, எந்தெந்த விவரம், யார் யார் கைக்குப் போனது, எல்லாம். பதின்மூன்று திரும்பி வந்துவிட்டது. வீடு மாறியிருக்கிறார்கள். ஒரு பெண்ணின் தாயார் கூப்பிட்டு, "அவளுக்குக் கல்யாணமாகி ரெண்டு கொழந்தை இருக்கு, இன்னொரு காகிதம் வந்துடப்படாது" என்றார். ஒருவர் அறைக்கே வந்தார். எதுவும் திட்டவில்லை. நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, "அப்ப அது நீங்கதானா" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

குழுவில் இருந்த மற்றப் பத்துத் தரகர்களில் மூன்று பேர் அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். ஒருவர் சிரித்தார். "ஐயா, அது எங்க ஊர்ல நாலு குரூப்புக்குப் போயி அஞ்சு வருஷமாச்சு" என்றார். மற்றவர்கள் எடுக்கவில்லை. உங்களுக்கு நீக்கிவிட்டேன் என்று எழுதிக்கொடுத்தேனே, அதற்கு அர்த்தம் என் அறையில் இல்லை என்பது மட்டும்தான். வெளியே இருக்கிறது. அதைத் திரும்ப வாங்க எனக்கு வழி தெரியவில்லை.

இப்போது ஒரு விஷயம். ஸ்டெல்லா என்று ஒருவர். நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலை மருத்துவ அறையில் நர்ஸ். பட்டியலில் முப்பத்தோராவது பெயர். தன் பெயரை உங்களிடம் சொல்லலாம் என்று சொல்லித்தான் எழுதச் சொன்னார். அவரையும் ஒருவன் இதே மாதிரி துரத்தியிருக்கிறான். இதே பேச்சு, இதே பைக், ஹெல்மெட். அவர் அழைப்புகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறார், பதினாலு எண்களையும் எழுதி வைத்திருக்கிறார். போன வருஷம் புகார் கொடுக்கப் போனாராம். ஒருத்தியாகப் போனதால், எங்கேயாவது பழக்கம் இருந்திருக்கும் என்கிற மாதிரி பேசி அனுப்பிவிட்டார்களாம். "இன்னொருத்தர் கூட வந்தா எடுத்துத்தான் ஆகணும் சார். வேற யாருக்கு நடந்துச்சு, பேரச் சொல்லுங்க" என்று கேட்டார்.

சொல்லவில்லை. கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவருக்குக் கோபம். "அன்னிக்குக் கேக்காம குடுத்தீங்க, இன்னிக்கு மட்டும் என்ன?" என்றார்.

உங்கள் பெயரை அவருக்குச் சொல்லலாமா? வேண்டாம் என்றால் காரணம் எழுத வேண்டியதில்லை. நான் சாட்சி சொல்வதாக அவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அது நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும்.

சாரங்கபாணி


21 பிப்ரவரி 2026

திரு. சாரங்கபாணி அவர்களுக்கு,

என் பெயரை ஸ்டெல்லாவுக்குச் சொல்லலாம். இந்தப் பெட்டி எண்ணையும் கொடுக்கலாம். வேறு யாருக்கும் வேண்டாம்.

நீங்கள் கேட்டது நல்லது. என்னைக் கேட்காமல் நீங்களே முடிவு செய்து சொல்லியிருந்தால், அவன் பிடிபட்டிருந்தாலும் இன்னொரு முறை வீட்டை மாற்றியிருப்பேன்.

ப்ரியம்வதா


18 மார்ச் 2026

திரு. சாரங்கபாணி அவர்களுக்கு,

இது என் கடைசிக் கடிதம். நடந்ததை உங்களுக்குத் தெரிவிக்கும் கடமை எனக்கு இருக்கிறது.

ஸ்டெல்லாவும் நானும் மார்ச் 4 அன்று சேர்ந்து போனோம். இந்த முறை ஒரு பெண் ஆய்வாளர் இருந்தார். உட்கார வைத்துக் கேட்டார். ஸ்டெல்லாவின் பதிவுகளில் இருந்த குரலைக் கேட்டதும், இவன்தான் என்றேன். அதை அவர் குறித்துக்கொண்டார். ஆறு நாளில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவன். நாற்பத்தாறு வயது. மனைவியும் பள்ளிக்கூடம் போகும் பெண் குழந்தையும் இருக்கிறார்கள். மைத்துனனுக்குப் பெண் தேடுகிறேன் என்று ஒரு தரகரிடமிருந்து உங்கள் பட்டியலை வாங்கியிருக்கிறான். எட்டுப் பேரைக் கூப்பிட்டிருக்கிறான்.

அவனை எங்களுக்குக் காட்டினார்கள். ஹெல்மெட் இல்லாமல் முதல் தடவையாகப் பார்த்தேன். குள்ளமான ஆள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான். இவனுக்காகவா போனைக் கவிழ்த்து வைத்தேன் என்று தோன்றியது. வழக்கு பதிவாகிவிட்டது. எவ்வளவு நாள் இழுக்கும் என்று தெரியாது. ஸ்டெல்லா விட மாட்டார்.

நான் எழுத வந்தது வேறு விஷயம்.

மார்ச் 12 அன்று நீங்கள் வாக்குமூலம் கொடுக்க வந்தீர்கள். அன்றைக்கு ஒரு கையெழுத்துக்காக என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஸ்டெல்லா உள்ளே இருந்தார். நான் வராந்தா பெஞ்சில் காத்திருந்தேன். பத்தரை மணிக்கு ஒரு பெரியவர் படியேறி வந்தார். கையில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பழைய போன். என் பக்கத்தில்தான் இடம் இருந்தது. உட்கார்ந்தார்.

உள்ளேயிருந்து போனில் கூப்பிட்ட ஸ்டெல்லாவிடம் நான் இரண்டு வார்த்தை பேசியதைக் கேட்டுவிட்டு, "தமிழா?" என்று கேட்டார்.

"ஆமா."

"தனியா வந்திருக்கேளா?"

"கூட ஒருத்தர் இருக்காங்க. உள்ளே."

"நல்லது. இந்த மாதிரி எடத்துக்கெல்லாம் தனியா வரப்படாது." பிறகு அவராகவே, "நான் ஒரு கேஸ்ல சாட்சி சொல்ல வந்திருக்கேன். சாட்சின்னு எழுதியிருக்கா. அசல்ல தப்பு பண்ணினது நான். ரெண்டு பொண்கள் கம்ப்ளெய்ண்ட் குடுத்திருக்கா. அவா போன வாரமே வந்துட்டுப் போயாச்சாம். அதுவும் நல்லதாப் போச்சு. எதிர்ல பாத்தா எனக்குப் பேச்சு வராது" என்றார்.

நான் கையிலிருந்த போனைப் பைக்குள் வைத்தேன்.

"ஆத்துல யாரும் இல்லை. பொண்டாட்டி புனேல இருக்கா. நேத்திதான் போன்ல எல்லாத்தையும் சொன்னேன். அன்னிக்கே சொன்னேனேன்னா, அப்படின்னு மட்டும் சொன்னா." போன் இருந்த கவரை மடியில் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

கான்ஸ்டபிள் உங்கள் பெயரைக் கூப்பிட்டார். எழுந்திருக்கும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது. என் தோளைப் பிடிக்கக் கை நீட்டியவர், என்ன நினைத்தீர்களோ, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தீர்கள். "வரேம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனீர்கள்.

உங்களுக்கு என்னைத் தெரியவில்லை. என் மூன்று புகைப்படமும் ஒரு காலத்தில் உங்கள் கணினியில் இருந்தன. எதைப் பார்த்தும் நினைவு வைத்துக்கொள்ள உங்களிடம் இப்போது எதுவும் இல்லை. டிசம்பரில் நீங்கள் எழுதிக்கொடுத்த அந்த வரியை அன்றைக்குத்தான் நம்பினேன்.

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. உங்களை நோகடிக்கவா, ஆறுதல் சொல்லவா என்று எனக்கே புரியவில்லை. அதனால் சொல்லவில்லை. என் கையெழுத்து முடிந்த பிறகும் பன்னிரண்டே கால் வரை வெளியே நின்றேன். நீங்கள் வந்தீர்கள். கவர் இல்லை, போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அல்வால் பஸ் வரும் பக்கமாக நடந்தீர்கள். நான் மறுபக்கம் போய் ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

நீங்கள் என் தந்தையைக் கொல்லவில்லை. டிசம்பரில் அந்தக் கடிதத்தை எழுதும்போது அப்படி நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் எழுதினேன். அது சரியில்லை. போனைக் கவிழ்த்து வைத்தது நான். என்னை அப்படி வைக்கச் செய்தது அவன். அவனுக்கு வழி காட்டியது நீங்கள். மூன்று பேரும் அவரவர் பங்கை வைத்துக்கொள்வோம். மன்னிப்பு என்று இதற்குப் பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை.

இந்தத் தபால் பெட்டியின் தவணை மார்ச் 31இல் முடிகிறது. புதுப்பிக்கவில்லை. நீங்கள் எழுதினால் திரும்பி வரும். எழுதியதற்குப் பதில் வரவில்லையே என்று காத்திருப்பீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்.

இதே ஊரில்தான் இருக்கிறோம். எங்கேயாவது உங்களைப் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியும். பேச வேண்டும் என்று தோன்றினால் நானே கூப்பிடுவேன். நீங்கள் தேட வேண்டாம்.

ப்ரியம்வதா